எதிர்ப்பு ரகத்தில் குலைநோய்: டெல்டாவில் ஒரு சம்பா பருவத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரு விவசாயியின் மூன்று ஏக்கரில் ஒரே பருவத்தில் நடந்தது இது. அதனால் இதை ஆராய்ச்சி முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன நடந்தது, ஏன் அப்படி முடிவெடுத்தோம், எங்கே சொதப்பினோம் என்று எழுதி வைத்தால் இதே நிலைமையில் மாட்டுகிற இன்னொருவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் பயிர் நோயியல் படித்தவன், வேலை ஆய்வகத்தில். வயலுக்கு ஆலோசனை சொல்வது என் அன்றாடத் தொழில் இல்லை. அந்தக் குறையும் இந்தக் கதையில் வரும்.

பின்னணி

விவசாயி என் கல்லூரி நண்பனின் அப்பா. அறுபதைத் தாண்டியவர், சம்பாவில் வருஷா வருஷம் பிபிடி 5204 போடுபவர். ஆந்திரா பொன்னி என்று கடையில் விற்கிறார்களே, அந்தச் சன்ன ரகம்தான். அரிசிக்கு நல்ல விலை, ஆனால் பாக்டீரியா இலைக்கருகலும் பூஞ்சையால் வருகிற குலைநோயும் இதற்கு உடன்பிறந்தவை மாதிரி. இரண்டு வருஷம் முன்பு இலைக்கருகலில் அவர் நன்றாக அடிவாங்கியிருந்தார்.

அதனால் இந்த முறை, ஆந்திரப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் வழியாக 'இம்ப்ரூவ்டு சம்பா மசூரி' விதையை வரவழைத்தார். பிபிடி 5204-ஐ அடிப்படையாக வைத்து ஹைதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கி 2008-இல் வெளியிட்ட ரகம் அது. அரிசியின் குணம் பிபிடி மாதிரியே இருக்கும். விதை கொண்டுவந்தவர் சொன்னது ஒரே வரி: "இது நோய் எதிர்ப்பு ரகம், மருந்தே வேண்டாம்."

அந்த வரியில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. எந்த நோய்க்கு என்கிற சொல்.

ஆவணிக் கடைசியில் நாற்றங்கால், புரட்டாசி மூன்றாம் வாரத்தில் நடவு. மூன்று ஏக்கரும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. வீட்டை ஒட்டியது முதல் ஏக்கர், நடுவில் இரண்டாவது, வாய்க்கால் பக்கம் மோட்டார் கொட்டகையோடு மூன்றாவது. ஐப்பசிக் கடைசியில் மழை விடாமல் கொட்டியதில் பயிர் வெளிறிப்போனது. வீட்டு வாசலில் நின்றால் கண்ணில் படுவது முதல் ஏக்கர்தான் என்பதால் அதற்கு மட்டும் கணக்குக்கு மேல் ஒரு மூட்டை யூரியா விழுந்தது. 45 கிலோ மூட்டை, கிட்டத்தட்ட 20 கிலோ தழைச்சத்து. ஒரு வாரத்தில் பயிர் கருகருவென்று ஆகிவிட்டது, ஊரில் நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

முதல் படம், முதல் தவறு

கார்த்திகை இரண்டாவது வாரம் நண்பன் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான். இலையில் பழுப்புப் புள்ளிகள். படம் கொஞ்சம் கலங்கல், நான் பேருந்தில் இருந்தேன், பார்த்தவுடன் "செம்புள்ளி மாதிரி இருக்கு, மண்ணுல சத்துக் குறைச்சல் இருக்கும், பொட்டாஷ் போடச் சொல்லு" என்று பதில் போட்டுவிட்டேன். இது தவறு. செம்புள்ளியின் புள்ளி எள் மாதிரி முட்டை வடிவத்தில் இருக்கும், குலைநோயின் புள்ளி இரண்டு முனையும் கூர்ந்து கண் மாதிரி இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் பெரியவர் மருந்துக் கடைக்கும் போயிருக்கிறார். "இலை கருகுது" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அதை இலைக்கருகல் என்று எடுத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்கு அடிக்கிற ஆன்டிபயாடிக் தூளையும் தாமிர மருந்தையும் கட்டிக் கொடுத்துவிட்டார். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் கருகல் என்பது எல்லாவற்றுக்கும் பொதுச்சொல். பாக்டீரியாவுக்கான அந்த ஆன்டிபயாடிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தாமிரத்துக்கு ஓரளவு பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு, ஆனால் குலைநோய்க்கு அது மருந்தில்லை.

இப்படி நாலு நாள் போனது. நாலு நாள் என்பது குலைநோய்க்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை. இலையில் விழுந்த பூஞ்சையின் வித்து நாலைந்து நாளில் புள்ளியாகி, அந்தப் புள்ளி அடுத்த வித்துகளை உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

வயலில் பார்த்தது

ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் போனேன். வரப்பில் இறங்கும்போது முழங்கால் வரை பனி நனைத்தது, மணி எட்டரை ஆகியும் இலையில் ஈரம் காயவில்லை. இந்த நோய்க்கு இதைவிட வசதி வேறு வேண்டாம்.

முதல் ஏக்கரில் புள்ளிகள் நிறைய. நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு, இரண்டு பக்கமும் கூர்மை. பல இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை நுனியிலிருந்து பாதி வரை காய்ந்துவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் தீயில் வாட்டின மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பூவரசு நிழல் விழுகிற மூலை எல்லாவற்றையும்விட மோசம். நடு ஏக்கரில் அதே ரகம், அதே நாற்று, அதே நாள் நடவு, ஆனால் புள்ளிகள் குறைவு, அளவும் சின்னது. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது.

வாய்க்காலைத் தாண்டி பக்கத்து வயல். வேறு ரகம். பெயரைப் போடவில்லை, ஒரு வயலில் பார்த்ததை வைத்து ரகத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது சரியில்லை. அங்கேயும் இலையில் ஏதோ இருந்தது. கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள், நடுவில் சாம்பல் இல்லை, ஒன்றுகூடப் பெருக்கவில்லை. அதே காற்று, அதே பனி, அதே வித்துதான் அங்கேயும் விழுந்திருக்கிறது. பூஞ்சை உள்ளே நுழையப் பார்த்து அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியவர் பின்னாலேயே வந்தார். "என்ன தம்பி, நோய் வராதுன்னுதானே இந்த வெதைய வாங்குனேன். ஏமாத்திட்டானுங்களா?"

"இல்லப்பா, வெதை நல்ல வெதைதான். அது காவல் காக்குற நோய் வேற, இப்ப வந்திருக்கிற நோய் வேற."

அவருக்கு அது சமாளிப்பு மாதிரிதான் பட்டது. முகத்திலேயே தெரிந்தது.

உறுதி செய்த விதம்

இரண்டு எளிய சோதனை. முதலில் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, காய்ந்த பகுதியும் பச்சையும் சேருகிற இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுனை தண்ணீரில் இருக்கிற மாதிரி நிறுத்தி வைத்தோம். பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி ஒரு இழை இறங்கும். கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம், தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதாவது விதை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, இலைக்கருகல் இல்லை.

அடுத்து, புள்ளி விழுந்த இலைத் துண்டுகளை ஈரத் துணியோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி எடுத்துவந்து ஓர் இரவு வைத்தேன். காலையில் சாம்பல் பகுதியின் மேல் மெல்லிய பூ பூத்த மாதிரி இருந்தது. செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பேரிக்காய் வடிவத்தில், குறுக்கே இரண்டு சுவரோடு, மூன்று அறை கொண்ட வித்துகள். குலைநோய்ப் பூஞ்சையான மேக்னபோர்த்தே ஒரைசே, சந்தேகமே இல்லை. டெல்டாவுக்கு இது புது விருந்தாளியும் இல்லை, 1919-இலேயே தஞ்சைப் பகுதியில் பெரிய அளவில் தாக்கிய நோய்.

எதிர்ப்பு ரகம் ஏன் எதிர்க்கவில்லை

பெரியவரின் கேள்வி நியாயமானது, அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இம்ப்ரூவ்டு சம்பா மசூரியில் சேர்த்திருப்பது மூன்று மரபணுக்கள். எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5. முதலாவது ஒரைசா லாஞ்சிஸ்டமினேட்டா என்ற ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. செல்லின் வெளிச்சுவர்ப் பக்கம் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் உணர்விப் புரதத்தை அது தயாரிக்கிறது. இலைக்கருகல் பாக்டீரியா வெளியிடுகிற ரேக்ஸ்-எக்ஸ் என்ற சின்னப் புரதத் துண்டு அந்தத் தலையில் வந்து ஒட்டினால் உள்ளே எச்சரிக்கை மணி அடிக்கும். எக்ஸ்ஏ13-இன் கதை இன்னும் சுவையானது. பாக்டீரியா உள்ளே வந்ததும் நெல்லின் சர்க்கரைக் குழாய் மரபணு ஒன்றைத் தானே திறந்துவிட்டுச் சாப்பிடும். எக்ஸ்ஏ13 இருக்கிற செடியில் அந்தக் குழாயின் திருகில் சின்ன மாற்றம், பாக்டீரியாவால் பிடித்துத் திருப்ப முடியாது, பட்டினி. எக்ஸ்ஏ5-உம் பாக்டீரியா நெல்லின் மரபணுக்களை இயக்குகிற அந்த வழியில்தான் குறுக்கே நிற்கிறது.

மூன்றுமே பாக்டீரியாவுக்கானவை. பூஞ்சை ரேக்ஸ்-எக்ஸ் தயாரிப்பதில்லை, அந்தக் குழாயையும் அந்த வழியில் திறப்பதில்லை. ஒரு திருடனின் மச்சத்தை மட்டும் அடையாளம் சொல்லி நிறுத்திய காவல்காரன் மாதிரி, வேறு திருடன் எதிரே நடந்து போனாலும் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவான். குலைநோயைப் பொறுத்தவரை இந்த ரகம் பழைய பிபிடி எப்படியோ அப்படியேதான்.

இலையின் மேல் ஓர் இரவு

அப்படியானால் செடி கைகட்டி நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. அந்த முதல் ஏக்கரில் ஒவ்வொரு இரவும் நடந்துகொண்டிருந்தது ஏறக்குறைய இதுதான்.

வித்து காற்றில் வந்து இலையில் விழுகிறது, நுனியில் இருக்கிற பசையால் ஒட்டிக்கொள்கிறது. பனி ஈரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முளை விடுகிறது. முளையின் முனை உப்பி ஒரு குமிழ் ஆகிறது, அதற்கு அப்ரஸ்ஸோரியம் என்று பெயர். குமிழின் சுவரில் மெலனின் என்ற கறுப்புப் பொருளைப் பூசிக்கொண்டு உள்ளே கிளிசராலைச் சேர்க்கிறது. கிளிசரால் தண்ணீரை இழுக்கும், மெலனின் பூச்சு கிளிசராலை வெளியே விடாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் 8 மெகாபாஸ்கல் வரை எட்டும். கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல நாற்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் குமிழின் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு முனை இலைத்தோலைக் குத்தித் துளைக்கிறது.

நெல்லின் முதல் தடை இலைத்தோலே. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி இலைத்தோலில் படிய வைக்கிற பயிர், தண்டும் இலையும் சேர்ந்த உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சேரும். நெல் இலை கையைக் கிழிப்பதே அதனால்தான்.

அதைத் தாண்டினால் அடுத்தது மோப்பம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது. நெல்லிடம் கைட்டின் கிடையாது, ஆகவே கைட்டின் துண்டு தட்டுப்பட்டால் அந்நியன் என்று அர்த்தம். நெல் தன் நொதிகளால் பூஞ்சைச் சுவரை வெட்டுகிறது, சிதறுகிற துண்டுகளை செபிப் என்ற புரதமும் செர்க்1 என்ற புரதமும் சேர்ந்து பிடித்து உள்ளே தகவல் சொல்கின்றன. உடனே செல்லுக்குள் கால்சியம் பாயும், ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கும், சுவர் தடிக்கும், மொமிலாக்டோன், சகுரானெட்டின் மாதிரியான பூஞ்சைக்கொல்லிப் பொருள்களைச் செடி தானே காய்ச்ச ஆரம்பிக்கும்.

பூஞ்சை மட்டும் சும்மா இருக்குமா? தன் சுவரின் மேல் நெல்லால் வெட்ட முடியாத வேறொரு சர்க்கரைப் பூச்சைப் பூசிக் கைட்டினை மறைக்கிறது. அதையும் மீறிச் சிதறுகிற துண்டுகளைத் துடைத்தெடுக்க எஸ்எல்பி1 என்ற புரதத்தை வெளியே விடுகிறது, செபிப் பிடிப்பதற்குள் அது பிடித்து விழுங்கிவிடும். தடயத்தை அழித்துக்கொண்டே நடக்கிற களவு. பிபிடி மாதிரி ரகங்களில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பூஞ்சை முந்திக்கொள்கிறது.

பக்கத்து வயலின் குண்டூசிப் புள்ளிகள்

பக்கத்து வயலில் ஆட்டம் இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கிறது. பூஞ்சை செல்லுக்குள் அனுப்புகிற புரதங்களை எஃபெக்டர்கள் என்கிறோம். அவற்றை உள்ளேயே வைத்து அடையாளம் காண்கிற காவல் புரதங்களும் நெல்லில் உண்டு, அவற்றுக்கான மரபணுக்கள் நெல்லில் ஐந்நூறுக்கு அருகில் இருக்கின்றன. ஒன்று சரியான எஃபெக்டரைப் பிடித்துவிட்டால் அந்தச் செல் தானே செத்துப்போகிறது. குலைநோய்ப் பூஞ்சைக்கு ஆரம்பத்தில் உயிருள்ள செல் வேண்டும், செத்த செல்லில் அதற்கு வேலை ஓடாது. நான் லென்ஸில் பார்த்த குண்டூசிப் புள்ளிகள் அப்படித் தங்களையே காவு கொடுத்த செல்கள். அந்த ரகத்தில் எந்தக் காவல் மரபணு என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. புள்ளியின் தோற்றத்தை வைத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் காவல் எப்படி நடக்கிறது என்பதற்கு பிஐகே என்ற மரபணு நல்ல உதாரணம். பூஞ்சையின் எஃபெக்டர் ஒன்று நெல்லின் குறிப்பிட்ட வகைப் புரதங்களைத் தேடிப் போய் ஒட்டும். பிஐகே-1 காவல் புரதம் அந்த வகைப் புரதத்தின் ஒரு துண்டைத் தன் உடம்பிலேயே தூண்டில் புழு மாதிரி மாட்டி வைத்திருக்கிறது. எஃபெக்டர் இதுதான் இரை என்று வந்து கவ்வும், மாட்டிக்கொள்ளும்.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகத்தின் கதையை இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. உலகம் பூராவும் குலைநோய் ஆராய்ச்சியில் 'நோய்க்கு எளிதில் விழுகிற ரகம்' என்று ஒப்பீட்டுக்கு வைக்கிறவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்குள்ளும் இதே தூண்டில் வகைக் காவல் ஒன்று இருக்கிறது. அது பிடிக்கிற எஃபெக்டருக்கே ஏவிஆர்1-கோ39 என்று இந்த ரகத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நெல்லைத் தாக்குகிற பூஞ்சை வகைகளில் பெரும்பாலானவை அந்த எஃபெக்டரைத் தொலைத்துவிட்டன. காவல்காரன் இன்னும் வாசலில் நிற்கிறான், அவன் அறிந்த திருடன்தான் வருவதில்லை.

பக்கத்து வயல்காரரிடம் இதனால்தான் "ஒங்க ரகம் தப்பிச்சுது, ஆனா இந்த வருஷம்தான்" என்று சொன்னேன். பூஞ்சை ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டாலோ கைவிட்டாலோ காவல் வீணாகிவிடும்.

முதல் ஏக்கர் மட்டும் ஏன் அவ்வளவு மோசம்

மூன்று ஏக்கருக்கும் மரபணு ஒன்றே. வித்தியாசம் அந்த ஒரு மூட்டையும் பூவரசு நிழலும். தழைச்சத்து கூடினால் இலை நெருங்கி, உள்ளே காற்றோட்டம் குறைந்து, பனி காயத் தாமதமாகும். இலை மென்மையாகும், சிலிக்காப் படிவு குறையும். செல்லுக்குள் குளூட்டமின் மாதிரியான தழைச்சத்துப் பொருள்கள் கூடும்போது பூஞ்சையின் தாக்கும் திறனும் கூடுவதாக ஆய்வுகள் இருக்கின்றன. நாலு பேர் நின்று பார்த்த அந்தக் கருகரு பச்சை பூஞ்சைக்கும் பிடித்திருக்கிறது. நிழலையும் யூரியாவையும் பிரித்து எது எவ்வளவு என்று இந்த வயலை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நிழல் விழாத பகுதியிலும் முதல் ஏக்கர் இரண்டாவதைவிட மோசமாகத்தான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

யூரியாவை நிறுத்தியது முதல் முடிவு. பெரியவர் அரை மனதாக ஒத்துக்கொண்டார், ஏனென்றால் காய்ந்த இலையைப் பார்த்தால் 'இன்னும் கொஞ்சம் போட்டால் தெளிஞ்சுக்கும்' என்றுதான் கை போகும்.

அடுத்தது தண்ணீர். நோய் வந்தால் வயலைக் காயப்போடுவது ஊர்ப் பழக்கம், நண்பன் ஏற்கனவே மடையை வெட்டிவிட்டிருந்தான். திரும்ப அடைக்கச் சொன்னேன். தண்ணீர் இல்லாமல் காய்ந்த நெல்லில் குலைநோய் கூடத்தான் செய்யும், தண்ணீர் நிற்கிற வயலில் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மருந்து ட்ரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அது வேலை செய்கிற இடம். பூஞ்சையை அது நேராகக் கொல்வதில்லை. குமிழுக்கு மெலனின் பூச விடாமல் தடுக்கிறது, பூச்சு இல்லாமல் கிளிசரால் கசிந்து அழுத்தம் ஏறாது, ஊசி இறங்காது. அதாவது உள்ளே போகிற வழியை அடைக்கிற மருந்து, ஏற்கனவே உள்ளே போனதை வெளியேற்றாது. பழைய புள்ளி பழைய புள்ளியாகத்தான் இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இந்த மருந்தின் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் மிகக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது, ஏற்றுமதி அரிசி போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இவருடையது உள்ளூர் அரவைக்குப் போகிற நெல்.

தெளிக்கிற ஆள்கள் ஏக்கருக்கு 16 லிட்டர் டேங்கில் ஏழெட்டு டேங்கோடு முடித்துவிடுவார்கள். பன்னிரண்டு டேங்க் கட்டாயம் என்று கூட நின்று எண்ணினோம். கூலி கொஞ்சம் அதிகமாயிற்று, முணுமுணுப்பும்.

நண்பனுக்கு மருந்தில் இஷ்டமில்லை, சூடோமோனாஸ் அடிக்கலாமே என்று கேட்டான். நல்ல கேள்வி. சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்ற நன்மை செய்கிற பாக்டீரியா வேரில் குடியேறினால் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற செடி ஹார்மோன்கள் வழியாகச் செடி முழுவதும் ஒரு விழிப்பு நிலை வருகிறது. பூஞ்சை வந்ததும் எதிர்ப்பு சீக்கிரம் கிளம்பும். ஆனால் அது முன்னாலேயே செய்து வைக்கிற வேலை. நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்டுவதற்கு இது நேரமில்லை என்று மறுத்தேன். அவனுக்கு வருத்தம்தான்.

பிறகு நடந்தது

தெளித்த ஏழாம் நாள் பெரியவர் போன் செய்தார். "தம்பி, புள்ளி அப்படியேதான் இருக்கு. மருந்து டூப்ளிகேட்டா?"

"பழைய எலைய விட்டுடுங்கப்பா. நடுவுல புதுசா வந்திருக்கிற எலைய மட்டும் பாருங்க."

போனை வைக்காமலேயே வயலில் இறங்கினார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "புது எலை சுத்தமா இருக்கு" என்றார். இரண்டு, மூன்றாம் ஏக்கரில் நோய் அத்தோடு ஏறக்குறைய நின்றது. முதல் ஏக்கரில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

மார்கழிக் கடைசியில் கதிர் தலைகாட்ட ஆரம்பித்தது. குலைநோயில் உண்மையான நஷ்டம் இந்தக் கட்டத்தில்தான். கதிரின் கழுத்தில் பூஞ்சை இறங்கினால் மேலே எதுவும் போகாது, நெல் மொத்தமும் பதராகிவிடும். இரண்டாவது தெளிப்பை இந்த நேரத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது தவறும் என்னுடையது. "கதிர் வரும்போது" என்று சொன்னேனே தவிர, முதல் கதிர்கள் பொதியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதே என்று பிரித்துச் சொல்லவில்லை. அவர் எல்லாக் கதிரும் வந்து முடியட்டும் என்று காத்திருந்தார். நடுவில் பொங்கல் வந்தது, ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவாறு தெளித்தபோது மோட்டார் கொட்டகை ஓரத்தில் ஒரு பட்டை டேங்க் தீர்ந்துவிட்டது என்று விட்டுப்போயிருக்கிறது.

தை நடுவில் போய்ப் பார்த்தேன். விட்டுப்போன பட்டையில் வெள்ளைக் கதிர்கள் விறைப்பாக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கழுத்தில் கறுத்த இடத்தில் முறிந்து கையோடு வந்தது, நெல்லில் பால் ஏறவே இல்லை. தெளித்த இடங்களிலும் தாமதத்தால் அங்கங்கே கழுத்து கறுத்திருந்தது, முதல் ஏக்கரில் அதிகம்.

மாசி தொடக்கத்தில் அறுவடை. 60 கிலோ மூட்டைக் கணக்கில் முதல் ஏக்கர் நடு ஏக்கரைவிட எட்டு மூட்டை குறைவு. மூன்றாவதில் இரண்டு மூட்டை குறைவு, அது பெரும்பாலும் அந்தப் பட்டை. நடு ஏக்கர் வழக்கமான மகசூலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இலைக்கருகல் மூன்றிலும் வரவே இல்லை, அந்த விதத்தில் விதை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

மறுபடி செய்தால் மாற்றுவது

படத்தைப் பார்த்து நோய் சொல்வதை நான் விட்டுவிட்டேன். இப்போது யார் அனுப்பினாலும் இலையை வெயிலுக்கு எதிராகப் பிடித்து ஒரு புள்ளியை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், கூடவே டம்ளர் சோதனையும்.

விதை வாங்கும்போது 'எதிர்ப்பு' என்ற சொல்லுக்கு முன்னால் நோயின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். பிபிடி குணத்தோடு குலைநோய்க் காவலும் வேண்டுமென்றால் பிஐ54, பிஐ2 மாதிரி மரபணுக்கள் சேர்த்த நெல் வகைகளில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அப்படிப்பட்ட விதை கிடைத்தாலும் மூன்று ஏக்கரிலும் ஒரே ரகத்தைப் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

மேலுரத்தைக் கண்ணளவில் போடாமல் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டையை வைத்துப் போடுவது. பூவரசின் வயல் பக்கக் கிளைகளைக் கழிப்பது. விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், நண்பன் கேட்டதை அதற்குரிய நேரத்தில். வைக்கோலைக் கட்டு கட்டி மொத்தமாக விற்கிற வழக்கத்தையும் யோசிக்க வேண்டும், வயலின் சிலிக்கா லாரியில் ஏறிப் போகிறது. இது பற்றிப் பேச்சை எடுத்தபோது "அப்ப மாட்டுக்கு என்ன பண்றது, வைக்கோல் காசு யாரு குடுக்குறது" என்று பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உமிச் சாம்பல் கிடைத்தால் நாற்றங்காலுக்காவது போடுவதாகப் பேசி நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த சம்பாவுக்கு அவர் இரண்டு ஏக்கரில் அதே இம்ப்ரூவ்டு சம்பா மசூரியைத்தான் விதைத்தார், அரிசி விலை அப்படி. முதல் ஏக்கருக்கு மட்டும் பக்கத்து வயல்காரரிடம் விதை வாங்கினார். பூவரசை வெட்ட வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, கிளையை மட்டும் கழித்திருக்கிறார்கள்.